ஹோம் ரூல் வேண்டாம் என்றவர்கள்

ஹோம் ரூல் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவு வருவது அன்னி பெசன்ட் அம்மையார்தான். 1916 செப்டம்பரில் சென்னையில் ஹோம் ரூல் லீகைத் தொடங்கினார். மறு வருஷம் ஜூன் மாதம் வெள்ளைக்கார சர்க்கார் அவரை ஊட்டியில் காவலில் வைத்தது. பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் இவ்வளவு படித்திருப்போம். அந்தப் பெயர் அயர்லாந்திலிருந்து வந்தது. ஐரிஷ் வம்சாவளியில் வந்த அம்மையார், அங்கே நாற்பது வருஷத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருந்த ஒரு போராட்டத்தின் பெயரையே எடுத்து இங்கே வைத்தார்.

நம் புத்தகத்தில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதே அயர்லாந்தில், ஹோம் ரூல் வேண்டவே வேண்டாம் என்று லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்ட ஜனங்களும் இருந்தார்கள். கையெழுத்து பலிக்காவிட்டால் இருக்கட்டும் என்று துப்பாக்கியும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "எங்களுக்கு சுயாட்சி வேண்டாம், லண்டன் ஆட்சியே இருக்கட்டும்" என்று ஒரு கூட்டம் சண்டைக்கு நின்றது என்பது, சுதந்திரப் போராட்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு வினோதமாகத்தான் இருக்கும்.

இவர்களுக்கு யூனியனிஸ்டுகள் என்று பெயர். தொழிற்சங்க யூனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1801 ஜனவரி 1-ஆம் தேதி அயர்லாந்தும் பிரிட்டனும் ஒரே ராஜ்யமாக இணைக்கப்பட்டன. அந்த இணைப்புதான் யூனியன். அது நீடிக்க வேண்டும் என்பவர்கள் யூனியனிஸ்டுகள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்குமா, தெற்கோடு சேருமா என்ற பேச்சு இப்போது மறுபடி பலமாக அடிபடுகிறது. சேரத்தான் போகிறது என்றால் இந்த ஜனங்களின் கதி என்ன? அதை யோசிக்க, அவர்கள் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வந்தவர்களும் இருந்தவர்களும்

அயர்லாந்தின் வட மாகாணத்துக்கு அல்ஸ்டர் என்று பெயர். மொத்தம் 9 கவுண்டிகள். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. 1607-இல் அங்கிருந்த ஐரிஷ் பிரபுக்கள் நாட்டைவிட்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நிலத்தைப் பறிமுதல் செய்த ஆங்கில அரசு, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. நிலத்தை இழந்தவர்கள் கத்தோலிக்கர்கள். நிலம் கிடைத்தவர்கள் புராட்டஸ்டண்டுகள். பின்னால் வந்த எல்லாச் சண்டைக்கும் வேர் இங்கே இருக்கிறது. ஜெபம் எப்படிச் செய்வது என்பதைவிட, யார் காலடியில் யார் நிலம் என்பதுதான் பெரிய சண்டை.

1690-இல் பாய்ன் நதிக்கரையில் புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம், கத்தோலிக்க அரசர் ஜேம்ஸைத் தோற்கடித்தார். ஆரஞ்ச் வம்சத்து வில்லியம் என்பதால் ஆரஞ்சு நிறமே அந்தப் பக்கத்தின் நிறமாயிற்று. 1795-இல் ஆரஞ்ச் சங்கம் ஏற்பட்டது. இன்றும் ஜூலை 12-ஆம் தேதி தோளில் ஆரஞ்சுப் பட்டையும் பெரிய மேளமுமாக ஊர்வலம் போகிறார்கள். ஒரு தெருக்காரர்களுக்கு அது திருவிழா. அடுத்த தெருக்காரர்களுக்கு, "நாங்கள் ஜெயித்தவர்கள், மறக்காதே" என்று வருஷா வருஷம் வாசலில் வந்து சொல்வது மாதிரி.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். நானூறு வருஷம் ஒரு மண்ணில் உழுது, பிறந்து, புதைக்கப்பட்டவர்களை வந்தேறிகள் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா? அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர் பலரின் குடும்பங்கள்கூட இவர்களைவிடப் பிந்தியவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஃபாஸ்ட் பெரிய தொழில் நகரமாயிற்று. லினன் ஆலைகள், கயிற்றுத் தொழிற்சாலை, ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளம். டைட்டானிக் கட்டப்பட்டது அங்கேதான். தெற்கே பெரும்பாலும் மாடும் உருளைக்கிழங்கும் விவசாயமும். டப்ளினில் ஒரு பார்லிமெண்ட் வந்தால், விவசாயிகள் சேர்ந்து தங்கள் ஆலைகளுக்கு வரி போடுவார்கள், பாதிரிமார்கள் சொல்வதுதான் சட்டமாகும் என்று வடக்கத்தியவர்கள் பயந்தார்கள்.

கையெழுத்தும் துப்பாக்கியும்

ஹோம் ரூல் மசோதா 1886-இல் ஒரு தடவை, 1893-இல் ஒரு தடவை வந்து தோற்றது. மூன்றாவது மசோதாவைப் பிரதமர் ஆஸ்க்வித் 1912 ஏப்ரல் 11 அன்று கொண்டுவந்தார். பெல்ஃபாஸ்டில் கட்டிய டைட்டானிக் தன் முதலும் கடைசியுமான பயணத்தில் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் நின்றதும் அதே நாள்தான். முந்தின ஆண்டுதான் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைத்திருந்தார்கள். ஆகவே இந்தத் தடவை மசோதா நிறைவேறியே தீரும் என்ற நிலை.

யூனியனிஸ்டுகளுக்குத் தலைவராக நின்றவர் சர் எட்வர்ட் கார்சன். ஆஸ்கார் வைல்ட் வழக்கில் குறுக்கு விசாரணை செய்து பெயர் வாங்கிய பெரிய வக்கீல். வேடிக்கை என்னவென்றால் அவர் அல்ஸ்டர்காரர் அல்ல. டப்ளினில் பிறந்தவர். 1912 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில் அல்ஸ்டர் உடன்படிக்கையில் முதல் கையெழுத்தைப் போட்டார். ஆண்கள் 2,37,368 பேர், பெண்கள் 2,34,046 பேர், ஆக மொத்தம் 4,71,414 பேர் கையெழுத்திட்டார்கள். 1913-இல் அல்ஸ்டர் தொண்டர் படை ஏற்பட்டது. 1914 ஏப்ரலில் ஒரு ராத்திரியில், லார்ன் துறைமுகத்தில் முக்கியமாக, சுமார் 25,000 துப்பாக்கிகளை இறக்கினார்கள். அரசருக்கு விசுவாசமாக இருப்பதற்காக அரசரின் பார்லிமெண்ட் போடும் சட்டத்தையே எதிர்ப்போம் என்பது அவர்கள் வாதம். இந்த முரண்பாடு இன்றுவரை அவர்களைவிட்டுப் போகவில்லை.

அதற்குள் உலக யுத்தம் வந்தது. 1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி. தலைவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. அதே வருஷம் ஜூலை 1 அன்று பிரான்சில் சாம் யுத்தம். அல்ஸ்டர் தொண்டர்கள் நிறைந்த 36-ஆவது டிவிஷனில் இரண்டே நாளில் சுமார் 5,500 பேர் மாண்டார்கள், காயமடைந்தார்கள், அல்லது காணாமற் போனார்கள். 1916 என்றால் தெற்கே ஒரு ரத்தம் நினைவு வரும், வடக்கே வேறொரு ரத்தம் நினைவு வரும். ஒரே தீவு, ஒரே வருஷம், இரண்டு திவசம்.

ஒன்பதா, ஆறா?

1920-இல் சட்டம் போட்டுத் தீவைப் பிரித்தார்கள். அல்ஸ்டரின் 9 கவுண்டிகளையும் எடுத்துக்கொண்டால் புராட்டஸ்டண்டுகள் கொஞ்சம்தான் அதிகமாக இருப்பார்கள். 6 மட்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. யூனியனிஸ்ட் தலைவர்கள் ஆறு போதும் என்றார்கள். டனகால், காவன், மானகன் ஆகிய மூன்று கவுண்டிகளில் இருந்த, அதே உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட தங்கள் சொந்த ஜனங்களை எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டார்கள். தலைகளை எண்ணிப் பார்த்துக் கோடு போட்டார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வரவேண்டும்.

1921 ஜூன் 22 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெல்ஃபாஸ்ட் பார்லிமெண்டைத் திறந்துவைத்தார். அந்த டிசம்பரில் தெற்குக்குத் தனி ஒப்பந்தம். கார்சன் மனம் நொந்துபோனார். முழு அயர்லாந்தும் பிரிட்டனோடு இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. கன்சர்வேடிவ் கட்சி பதவிக்கு வருவதற்காகத் தன்னைப் பொம்மையாக ஆட்டிவைத்தார்கள், தான் முட்டாளாகிவிட்டேன் என்ற பொருளில் பிரபுக்கள் சபையில் கசப்போடு பேசினார்.

அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் ஒரே கட்சி ஆட்சி. முதல் பிரதமர் கிரெய்க், 1934-இல் இது புராட்டஸ்டண்ட் பார்லிமெண்ட், புராட்டஸ்டண்ட் ராஜ்யம் என்று சபையிலேயே பெருமையாகச் சொன்னார். உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டுபவருக்கும் அவர் மனைவிக்கும்தான் ஓட்டு. வாடகைக்குக் குடியிருந்தவரின் கூடவே இருந்த வயது வந்த பிள்ளைக்கு ஓட்டுக் கிடையாது. டெரி நகரத்தில் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. ஆனால் வார்டு எல்லைகளை வளைத்து வளைத்துப் போட்டதால் நகரசபை எப்போதும் யூனியனிஸ்டுகள் கையில். அந்த ஊரின் பெயரே சண்டை. ஒருவர் டெரி என்பார், மற்றவர் லண்டன்டெரி என்பார். எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்தே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால் தெற்கும் வடக்கத்தியவர்களின் பயத்தைப் போக்க ஒன்றும் செய்யவில்லை. 1937 அரசியல் சட்டத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் கொடுத்தார்கள். விவாகரத்து கூடாது என்று எழுதினார்கள். வடக்கும் தங்களுடையது என்று எழுதிவைத்தார்கள். (அதே சட்டத்திலிருந்துதான் நம் அரசியல் நிர்ணய சபை அரசுக்கான வழிகாட்டு நெறிகள் என்ற யோசனையை எடுத்துக்கொண்டது.) 1949 ஏப்ரல் 18 அன்று தெற்கு அயர்லாந்து குடியரசாகி காமன்வெல்த்தைவிட்டு வெளியேறிற்று. அதே மாதக் கடைசியில்தான் லண்டனில், இந்தியா குடியரசாக இருந்துகொண்டே காமன்வெல்த்தில் நீடிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சில நாள் பொறுத்திருந்தால் அயர்லாந்துக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும்.

லண்டன் மேல் சந்தேகம்

யூனியனிஸ்டுகள் பயந்தது டப்ளினுக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. அதைவிடப் பெரிய பயம் லண்டனைப் பற்றியது. 1940 ஜூனில், ஹிட்லர் பிரான்சை விழுங்கிய நேரம், தெற்கு யுத்தத்தில் சேருமானால் ஐக்கிய அயர்லாந்தை ஒப்புக்கொள்வதாக சர்ச்சில் அரசு டி வலேராவிடம் பேசிப் பார்த்தது. டி வலேரா மறுத்துவிட்டார். விஷயம் தெரிந்து கிரெய்க் கொதித்துப் போனார். தங்களைக் கேட்காமலே தங்களை விலை பேசிவிட்டார்களே என்று.

1968 அக்டோபரில் டெரியில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது. 1969-இல் பிரிட்டிஷ் ராணுவம் தெருவுக்கு வந்தது. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ராணுவம் சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தார்கள், இன்னொருவர் பிறகு இறந்தார். அந்த மார்ச் மாதம் லண்டன் பெல்ஃபாஸ்ட் பார்லிமெண்டையே மூடிவிட்டது. 1974-இல் இரு தரப்பும் சேர்ந்து அமைத்த மந்திரிசபையை யூனியனிஸ்ட் தொழிலாளர்கள் 14 நாள் வேலைநிறுத்தம் செய்து, மின்சாரத்தைக் குறைத்துக் கவிழ்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் பலம் தங்களுக்கு உண்டு என்று காட்டினார்கள். வேண்டும் என்று எதைச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

1985 நவம்பரில் தாட்சர் அம்மையார் டப்ளின் பிரதமர் ஃபிட்ஸ்ஜெரால்டோடு ஒப்பந்தம் போட்டு, வடக்கு விவகாரத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைத் தெற்குக்குக் கொடுத்தார். அவருடைய ஓட்டலில் ஐ.ஆர்.ஏ. குண்டு வைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. யூனியனிஸ்ட் தலைவர்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டம் கூடியது. இயன் பெய்ஸ்லி ஒருபோதும் முடியாது என்று மும்முறை முழங்கினார். யூனியனிஸ்ட் எம்.பி.க்கள் 15 பேரும் ராஜினாமா செய்து மறுபடி தேர்தலில் நின்றார்கள். ஒருவர் தோற்றுப்போனார். ஒப்பந்தம் அப்படியே இருந்தது.

1990-இல் பிரிட்டிஷ் மந்திரி பீட்டர் புரூக், வட அயர்லாந்தில் பிரிட்டனுக்குச் சுயநலமான ராணுவ நோக்கமோ பொருளாதார நோக்கமோ இல்லை என்று அறிவித்தார். சமாதானத்துக்கு அது வழி திறந்தது உண்மை. ஆனால் யூனியனிஸ்டுகள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வீட்டுக்காரர், "நீ இருந்தால் இரு, போனால் போ, எனக்கொன்றும் இல்லை" என்று சொன்ன மாதிரி.

ஒரே நாள், இரண்டு குண்டு

1979 ஆகஸ்ட் 27 நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் கொல்லப்பட்ட நாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் முல்லாக்மோர் என்ற கிராமத்தில் கோடைக்காலத்தைக் கழிப்பது அவர் வழக்கம். படகில் மீன் பிடிக்கப் போனபோது ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. அவரோடு 14 வயதுப் பேரனும், படகில் வேலைக்கு வந்த 15 வயதுப் பையனும் இறந்தார்கள். அவருடைய சம்பந்தியம்மாள் மறுநாள் இறந்தார்.

நம் பத்திரிகைகளில் அந்தச் செய்தியே பெரிதாக வந்தது. அன்று மத்தியானம் நடந்த இன்னொன்றைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். வடக்கின் எல்லையில், வாரன்பாயிண்ட் பக்கத்தில், நேரோ வாட்டர் என்ற இடத்தில் அடுத்தடுத்து இரண்டு குண்டு வைத்து 18 பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கொன்றார்கள். அந்த முப்பது வருஷக் கலவரத்தில் இரு பக்கமும் சேர்ந்து 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். வட அயர்லாந்தின் ஜனத்தொகை இன்றைக்கும் 20 லட்சத்தைத் தொடவில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு சாவு என்றால், சொந்தத்திலோ தெருவிலோ சாவைப் பார்க்காத குடும்பம் குறைவு.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமையன்று ஒப்பந்தம் ஏற்பட்டது. வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம் பேர் ஓட்டுப்போட்டு ஒப்புக்கொண்டார்கள். வடக்கு தங்களுடையது என்ற உரிமை கொண்டாடலைத் தெற்கு தன் அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. வடக்கில் பெரும்பான்மையோர் விரும்புகிறவரை பிரிட்டனோடு இருக்கலாம். பெரும்பான்மையோர் மாறினால், தெற்கும் சம்மதித்தால், சேரலாம். வடக்கில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜையாகவோ, ஐரிஷ் பிரஜையாகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம். மந்திரிசபையில் இரு தரப்பும் சேர்ந்தே உட்கார வேண்டும். மூன்று தடவை முழங்கிய பெய்ஸ்லியே 2007-இல் ஐ.ஆர்.ஏ. தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸோடு ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்தார். இருவரும் எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருந்ததால் ஊரார் கேலிப்பெயர்கூட வைத்தார்கள்.

2011 மே மாதம் எலிசபெத் மகாராணி டப்ளின் போனார். நூறு வருஷத்தில் பிரிட்டிஷ் முடியரசர் ஒருவர் அங்கே போனது அதுவே முதல் தடவை. பிரிட்டனை எதிர்த்து இறந்தவர்களின் நினைவிடத்தில் தலை வணங்கினார். மறு வருஷம் மெக்கின்னஸோடு கை குலுக்கினார். மவுண்ட்பேட்டன் அவர் கணவரின் மாமா. அந்தக் கையை நீட்ட மனசில் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்!

மறுபடி லார்ன்

எல்லாம் ஒருவழியாக அடங்கிற்று என்று நினைத்தபோது 2016-இல் பிரெக்ஸிட் வந்தது. வடக்கில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய யூனியனிலேயே இருப்போம் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் பெய்ஸ்லி ஆரம்பித்த டி.யூ.பி. கட்சி வெளியேறு என்று பிரசாரம் செய்தது. பிரிட்டன் வெளியேறினால் சரக்குச் சோதனை எங்கே வைப்பது? தெற்கு–வடக்கு எல்லை சுமார் 500 கிலோமீட்டர். குறுக்கே 200-க்கும் மேற்பட்ட சாலைகள். ஒரே வயலின் நடுவே போகிற எல்லை அது. அங்கே சாவடி வைத்தால் பழைய கலவரம் திரும்பும். கடலில் வைத்தால் வடக்கை பிரிட்டனிலிருந்து பிரித்தது மாதிரி ஆகும்.

கடலில் எல்லை வராது என்று போரிஸ் ஜான்சன் 2018-இல் டி.யூ.பி. மாநாட்டுக்கே வந்து வாக்குக் கொடுத்தார். கைதட்டினார்கள். மறு வருஷம் பிரதமரானதும் கடலில் எல்லைக்கு ஒப்புக்கொண்டார். 2021-இல் பிரிட்டனிலிருந்து வரும் சாஸேஜுக்கும் செடிக்கும் காகிதம் கேட்டுச் சோதித்தார்கள். சோதனை நடந்த துறைமுகங்களில் ஒன்று லார்ன். 1914-இல் யூனியனைக் காப்பாற்றத் துப்பாக்கி இறக்கிய அதே லார்ன்.

டி.யூ.பி. கோபித்துக்கொண்டு 2022 பிப்ரவரியில் மந்திரிசபையைவிட்டு விலகியது. இரண்டு வருஷம் பெல்ஃபாஸ்ட் சபை பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. 2023-இல் விண்ட்சர் ஏற்பாட்டினால் சோதனைகள் குறைந்தன. 2024 பிப்ரவரி 3 அன்று மந்திரிசபை திரும்பி வந்தபோது, முதல் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தவர் ஐக்கிய அயர்லாந்தை விரும்பும் சின் ஃபெய்ன் கட்சியின் மிஷல் ஓ'நீல். அதிகாரத்தில் துணை முதல் மந்திரியும் சமம்தான். ஆனாலும் யூனியனிஸ்டுகளுக்கென்றே கோடு போட்டு வரைந்த ஒரு நாட்டில் இது நடந்தது.

எண்ணிக்கை மாறியபோது

அந்தக் கோட்டுக்குத் திரும்புவோம். 1920-இல் மூன்றில் இரண்டு பங்கு. 2021 ஜனத்தொகைக் கணக்கில் கத்தோலிக்கர் அல்லது கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர்கள் 45.7 சதவீதம். புராட்டஸ்டண்டுகளும் மற்றக் கிறிஸ்தவர்களும் 43.5 சதவீதம். தலைகளை எண்ணி எழுப்பிய வீட்டில் தலைகளின் எண்ணிக்கை மாறிவிட்டது.

ஆனால் உடனே ஐக்கிய அயர்லாந்து என்று முடிவு கட்டுவது தப்பு. 2022 தேர்தலில் ஐக்கியம் வேண்டும் என்ற கட்சிகளுக்குக் கிட்டத்தட்ட 40 சதவீதம். யூனியன் கட்சிகளுக்கு அதைவிடச் சற்று அதிகம். மீதி, இரண்டு பக்கமும் சாயாத அலையன்ஸ் கட்சிக்கும் மற்றவர்களுக்கும். 2021 கணக்கெடுப்பில், நான் பிரிட்டிஷ் மட்டும் என்றவர்கள் 31.9 சதவீதம், ஐரிஷ் மட்டும் என்றவர்கள் 29.1, வட அயர்லாந்துக்காரர் மட்டும் என்றவர்கள் 19.8. கத்தோலிக்கர் எல்லோரும் டப்ளின் பக்கம் என்பதும் இல்லை. புராட்டஸ்டண்டாகப் பிறந்தவர்கள் எல்லோரும் ஜூலை 12 ஊர்வலம் போவதும் இல்லை. முடிவு இந்த நடுவில் நிற்பவர்கள் கையில் இருக்கிறது.

அவர்கள் கேட்கும் கேள்விகள் நம் மாதிரி ஆட்கள் கேட்கும் கேள்விகள்தான். என் பென்ஷன் யார் தருவார்கள்? வடக்கில் டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. தெற்கில் மருத்துவ அட்டை இல்லாதவர்கள் 50, 60 யூரோ கொடுக்கிறார்கள். அது எனக்கும் வருமா? மறுபக்கம், தெற்கு இப்போது ஏழை விவசாய நாடு அல்ல. விவாகரத்து 1995-இல் ஓட்டெடுப்பில் வந்தது. பாதிரிமார் சொல்வதே சட்டம் என்ற காலம் போயிற்று. 1912-இல் சொன்ன இரண்டு காரணங்களும், தொழிலும் மதமும், இன்று செல்லாக்காசு.

யூனியனிஸ்டுகளில் ஒரு சாரார் இன்னும் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். 2024 தேர்தலில் ஜிம் அல்லிஸ்டர் என்பவர், டி.யூ.பி. போதுமான அளவு எதிர்க்கவில்லை என்று சொல்லியே, 1970 முதல் பெய்ஸ்லி குடும்பத்தின் கையிலிருந்த தொகுதியைப் பிடித்தார். இன்னொரு சாரார் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். டி.யூ.பி. முன்னாள் தலைவர் பீட்டர் ராபின்சன் 2018-இல், வீடு எரியும் என்று எதிர்பார்த்தா இன்ஷூர் செய்கிறோம், அதுபோல ஐக்கியம் வந்தால் என்ன என்றும் யோசித்து வைக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். சொந்தக்காரர்களிடமே திட்டு வாங்கினார்.

என் அபிப்பிராயத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லண்டன் காப்பாற்றும் என்ற நம்பிக்கை 1921, 1940, 1972, 1985, 2019 என்று ஐந்து தடவை ஏமாற்றம் கொடுத்திருக்கிறது. லண்டனும் டப்ளினும் நெருங்கும்போதெல்லாம் இவர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இனி யூனியன் நிலைப்பது லண்டன் கையிலும் இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர், இந்த ஏற்பாடே நமக்கு நல்லது என்று நினைப்பதில் இருக்கிறது. ஐம்பது வருஷம் அவரை அப்படி நினைக்கவிடாமல் செய்ததுதான் அவர்கள் செய்த பெரிய தப்பு. நாளை ஒருவேளை இவர்களே சிறுபான்மையானால், ஓட்டுரிமை, வேலை, வீடு, ஊர்வலம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றிலும் அன்று தாங்கள் கொடுக்காத பாதுகாப்பைத் தங்களுக்குக் கேட்க வேண்டியிருக்கும். டப்ளினுக்கும் இதுவே பாடம். ஐம்பதுக்கு மேல் ஒரு ஓட்டு வாங்கினால் தீவு ஒன்றாகும். அந்த ஒரு ஓட்டால் மனசு ஒன்றாகாது.

18 சிப்பாய்கள் செத்த அந்த நேரோ வாட்டரில் இப்போது பாலம் கட்டுகிறார்கள். ஒரு கரை வடக்கு, மறு கரை தெற்கு. 2024-இல் வேலை தொடங்கிற்று. பணத்தில் பெரும்பங்கு டப்ளின் அரசினுடையது. பாலம் வந்தாலும் அந்தக் கரைக்காரர் பிரிட்டிஷாகவே இருக்கலாம், இந்தக் கரைக்காரர் ஐரிஷாகவே இருக்கலாம். சந்தைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வருவதற்கு இனி வளைத்துச் சுற்ற வேண்டாம். நாலே முக்கால் லட்சம் கையெழுத்து சாதிக்காததை அந்தப் போக்குவரத்து சாதித்தாலும் சாதிக்கும். பார்க்கலாம்.